கால் படாத கரை: திருகோணமலைக் கடலோரத்தில் ஒரு தன்னார்வக் குழுவின் ஆறு ஆண்டுகள் (2018–2023)

பின்னணி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போகிறவர்கள் இடங்களை மைல்கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள்: மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை. இங்கே பதிவாவது அப்படி இரண்டு கட்டைகளுக்கு நடுவே, வீதிக்குக் கிழக்கே, ஏறத்தாழ நானூறு மீற்றர் நீளமான மணற்கரையில் நடந்தது. எந்த இடம் என்பதைக் குறிக்காமல் விடுகிறேன். அங்கே தொழில் செய்பவர்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

கரையின் தெற்கு முனையில் இரண்டு சுற்றுலா விடுதிகள். நடுவில், 2004 சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கு மரங்கள் ஒரு பட்டையாக நிற்கின்றன. வடக்கில் கரைவலைக்காரர்களின் வாடி, அதாவது அவர்கள் தங்கித் தொழில் செய்யும் கொட்டில்கள். இந்தக் கரையில் செடிகொடி வளர்க்க முயன்ற எங்கள் குழுவில் பதினைந்து பேர் வரை இருந்தோம்: இரண்டு ஆசிரியர்கள், ஒரு குடும்பநல மாது, வங்கியில் வேலை செய்யும் ஒருவர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், மீனவக் குடும்பங்களிலிருந்து இரண்டு இளைஞர்கள். குறிப்பேடு என்னிடம் இருந்தது. இந்தப் பதிவு அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதியது.

குழுவில் பெரும்பாலானோருக்குக் கடற்கரைத் தாவரம் என்றால் தாழையும் பூவரசும்தான். அவை கரையின் பின்வரிசைக்கு உரியவை என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. அலை எட்டும் கோட்டுக்கு அடுத்த முதல் வரிசை அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைக்கும் சொந்தமானது. அடம்பன் மணல்மேல் நீளமாகப் படரும். இலை மானின் குளம்படி போலப் பிளந்திருக்கும். காலையில் விரியும் ஊதாப் பூ பிற்பகலில் சுருங்கிவிடும். இராவணன் மீசை சாம்பல் பூத்த பச்சையில் விறைத்து நிற்கும் புல். அதன் இலை நுனி செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். காற்று இவற்றின்மேல் மோதி வேகம் குறையும்போது சுமந்து வந்த மணலைக் கீழே போடுகிறது. மணல் மூடினால் மற்றச் செடிகள் செத்துப்போகும். இவை இரண்டும் மணலைத் துளைத்து மேலே வந்து மறுபடியும் வேர்விடும். மணல்மேடு எழும்புவது இப்படித்தான். தாழையும் எருக்கும் அந்த மேட்டின் முதுகில் வரும். பூவரசு, புன்னை, பனை எல்லாம் அதற்கும் பின்னால்.

முதல் நடுகை: ஜூன் 2018

உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5. அதை ஒட்டிய சனிக்கிழமை சிரமதானமும் மரநடுகையும் என்று முடிவாயிற்று. காலையில் கரையைத் துப்புரவு செய்வது, பிறகு நடுவது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழியைப் பதாகையில் எழுதித் தூக்கிப் பிடித்தோம். பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்த்து நூறு பேருக்கு மேல் வந்தார்கள். முந்நூறு கன்றுகள், பெரும்பாலும் பூவரசும் புன்னையும், கடலிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர் தொலைவில் மூன்று வரிசையாக நடப்பட்டன.

கன்று வளர்த்த கதையில் இரண்டு பிழைகள் உண்டு. முதல் நாற்றுமேடை கோட்டைக்கு அருகில் ஓர் உறுப்பினரின் வீட்டு முற்றத்தில் இருந்தது. நகருக்குள் புள்ளிமான்கள் தெருநாய் மாதிரி திரிவது ஊரறிந்த விஷயம். நாங்கள்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஓர் இரவில் பூவரசம் கன்றுகளில் பாதியின் கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போயின. அதன்பிறகு வேலி அடைத்தோம். இரண்டாவது பிழை சட்டி. பொலித்தீன் பை வேண்டாம் என்ற கொள்கையோடு தயிர்ச்சட்டிகளைச் சேர்த்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவிட்டு, அடியில் ஆணியால் துளையிட்டோம். ஊறவிடாத சட்டி துளை போடும்போதே வெடித்துவிடும். வேலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் புன்னை ஆணிவேர் விடுகிற மரம். தயிர்ச்சட்டியின் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. நடும்போது கன்றை வெளியே எடுத்தால் வேர் வட்டமாகச் சுருண்டு, சும்மாடு போல இருந்தது. அதைப் பார்த்தும் நட்டோம், ஏனென்றால் படம் எடுக்க ஆள் வந்திருந்தது.

கவனித்தவை: ஜூன் முதல் ஒக்டோபர் வரை

திருகோணமலையின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. ஜூன் மாதம் கச்சான் காற்றின் காலம். தரையிலிருந்து கடலை நோக்கி அடுப்பு வாயிலிருந்து வருவது போல வீசும். அந்த மாதத்தில் நட்டதே போதும் கன்றுகள் சாக. முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாவது வாரத்தில் முறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஓகஸ்ட் எண்ணிக்கையில் முந்நூற்றில் ஐம்பதுக்குக் குறைவு. முதல் மழைக்கு முன் எண்ணியபோது பதினொன்று. அந்தப் பதினொன்றும் சவுக்கு நிழலின் ஓரத்தில் நின்றவை.

இதில் பாடம் வெளிப்படையானது, நீட்டி எழுதத் தேவையில்லை. எங்களுக்குப் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. கன்று நட்ட இடத்தில் அதற்கு முன் ஆங்காங்கே படர்ந்திருந்த அடம்பனும் குறைந்துகொண்டே போனது. அது வறட்சியில் சாகிற கொடி இல்லை. மாடுகளும் அதைப் பெரிதாக நாடுவதில்லை. யார் பிடுங்குகிறார்கள் என்று இரண்டு மாதம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடை ஒரு படத்தில் இருந்தது. செப்டெம்பரில் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்காக ஜூன் மாதப் படங்களைப் பார்த்தோம். சிரமதானம் முடிந்து நாங்கள் வரிசையாக நிற்கிறோம். முன்னால் வாய் கட்டிய உரப்பைகள். ஒரு பை மட்டும் கட்டப்படாமல் இருந்தது. அதன் வாயிலிருந்து தொங்கியது பிளாஸ்டிக் இல்லை. வேரோடு வந்த அடம்பன் கொடி, ஒரு பூவோடு. மாரியில் ஒதுங்கும் போத்தல், செருப்பு, வலைத்துண்டு எல்லாம் கொடிக்குள்தான் சிக்கிக் கிடக்கும். வாரியால் இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். அன்று நாங்கள் அள்ளிய குப்பையில் பாதி, காப்பாற்றப் போவதாகச் சொன்ன தாவரமே. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. முள் குத்துகிறது என்று இராவணன் மீசையை மண்வெட்டியால் வெட்டிக் குவித்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகுதான் தெற்கு முனையையும் சரியாகப் பார்த்தோம். விடுதிகளுக்கு முன்னால் ஓர் அம்மா தினமும் விடியற்காலையில் கரையைப் பெருக்குவார். மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் விழுந்திருப்பது வெளிநாட்டவர்களுக்குப் பிடிக்கும் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். முளைத்து மூன்று இலை விட்டது எதுவும் மறுநாள் இருக்காது. அவரிடம் பேசினோம்.

“தம்பி, நான் பெருக்காவிட்டால் சம்பளம் எதற்கு என்று கேட்பார்கள்” என்றார். அதற்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இரண்டாவது முயற்சி: நவம்பர் 2018

வடக்கே வாடியில் இருந்த வயதான சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) ஒருவரிடம் போகும் யோசனை இளைஞர்களுடையது. ஜூனில் நாங்கள் நடுவதை அவர் தோணியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று எங்கள் ஆசிரியர் கேட்டார்.

“நீங்கள் கேட்கவில்லையே, சேர். மண் ஓடுகிற இடத்தில் மரம் என்ன செய்யும்? முதலில் மண்ணை நிறுத்த வேண்டும். அதற்கு அந்த முள்தான் சரி” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் எங்கள் வலைப் பக்கம் மட்டும் அதைக் கொண்டு வந்துவிடாதீர்கள்” என்றும் சொன்னார்.

அவரும் அவர் மனைவியும் சொன்னதை வைத்து முறையை மாற்றினோம். நல்ல மழை இரண்டு பெய்து மணல் முழங்கை ஆழத்துக்கு ஈரமான பிறகு, இராவணன் மீசையின் ஓடுதண்டை நான்கைந்து கணு வரும்படி வெட்டி, பாதிக்கு மேல் சரிவாகப் புதைத்தோம். அடம்பன் தண்டும் அதே மாதிரி. வெட்டிய அன்றே நட வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி மறுநாள் நட்டவை பெரும்பாலும் கறுத்துப்போயின. தண்டுகளைக் கரையின் வடக்கு முனையிலிருந்த ஒரே பெரிய புதரிலிருந்து எடுத்தோம். பக்கத்தில் இருந்தது, சுமக்கத் தேவையில்லை. இந்த வசதிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பிறகு வரும்.

மணலைப் பிடிக்கக் கிடுகால் ஒரு வேலி அடைத்தோம். கரையோர வலயத்தில், அதாவது சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் முந்நூறு மீற்றருக்குள், எதைக் கட்டவும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கிராம உத்தியோகத்தர் எச்சரித்தார். நிரந்தரமாக எதுவும் இல்லை, கம்பும் ஓலையும்தான் என்று எழுதிக் கொடுத்து வாய்மொழியாகத் தலையசைப்பு வாங்கிக்கொண்டோம். எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். கிடுகு வேலி சரிவரவில்லை. காற்று புகாத வேலியின் அடியில் மணல் சேராமல் அரிந்துபோனது. மூன்று வாரத்தில் வேலி சாய்ந்தது. பிறகு பனைமட்டைகளை ஒரு மட்டை அகலம் இடைவெளி விட்டு ஊன்றினோம். பாதிக் காற்று உள்ளே போக, பாதி தடைப்பட்டது. மாசி, பங்குனிப் பிற்பகல்களில் கடற்காற்று எழும்பியபோது மட்டைகளின் பின்னால் மணல் வால் வாலாகச் சேரத் தொடங்கியது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 2019இல் நட்ட தண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உயிரோடு இருந்தது. ஜூனுடன் ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனாலும் தெற்கு முனை வெறுமையாகவே கிடந்தது.

நாங்கள் இல்லாத மாதங்கள்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. கிழக்கின் சுற்றுலாப் பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அந்த ஆண்டு அது தொடங்கும் முன்பே முடிந்தது. இரண்டு விடுதிகளில் ஒன்று கதவைப் பூட்டியது. பெருக்கும் அம்மாவுக்கு வேலை போனது. இதை எழுதாமல் அடுத்த வரியை எழுதுவது நியாயம் ஆகாது. கூட்டம் கூடுவதற்கு எங்களுக்கும் தயக்கம். ஜூன் நிகழ்ச்சி நடக்கவில்லை.

ஒக்டோபரில் போய்ப் பார்த்தபோது, பூட்டிய விடுதிக்கு முன்னால், நாங்கள் ஒரு தண்டுகூட நடாத இடத்தில், அடம்பன் கடல் பக்கமாக நீண்டு கிடந்தது. நடந்து அளந்தோம்: மிக நீண்ட கொடி பதினான்கு அடி.

அடுத்தது 2020. மார்ச் 20 அன்று நாடு முழுதும் ஊரடங்கு. மே மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்து நாங்கள் திரும்பியபோது, வடக்கே வாடிக்கும் சவுக்குக்கும் நடுவில் அடம்பன் திட்டுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. தண்ணீர் ஊற்றியவர் யாரும் இல்லை. சவுக்குப் பட்டைக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. உதிர்ந்த சவுக்குச் சருகு மெத்தை போலக் கிடக்கும் இடத்தில் வெயில் வேண்டும் கொடி ஏறுவதில்லை.

குழுவின் இரண்டு ஆண்டு உழைப்பைவிட குழு வராத சில மாதங்கள் அதிகம் செய்திருந்தன. இதைக் கூட்டத்தில் சொன்னபோது உயர்தர மாணவி ஒருத்தி, “அப்படியென்றால் நாம் கலைந்துபோகலாமா?” என்று கேட்டாள். சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியது அல்ல. இரண்டு வாரம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

எடுத்த முடிவும் காரணமும்

கலையவில்லை. நடுவதைக் குறைத்து, கால் படாமல் வைப்பதை முதல் வேலையாக்குவது என்று தீர்மானித்தோம். ஊரடங்கு என்றும் இருக்காது; விடுதிகள் திறக்கும், வலை இழுப்பு நடக்கும், மக்கள் கடற்கரைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். ஆகவே யார் எங்கே நடப்பது என்பதைப் பேசித் தீர்ப்பதே மிச்சமிருந்த வேலை.

ஒரு பக்கத்தார் முழுக்கக் கயிறு கட்டி அடைக்கலாம் என்றார்கள். நான் அதை எதிர்த்தேன். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைத் தோளில் போட்டுப் பின்னோக்கி நடப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து நடக்க முடியாது. அவர்கள் இடத்தில் முள் வளர்த்தால் முதல் இழுப்பிலேயே பகை வரும். சம்மாட்டியோடு மணலில் குச்சியால் கோடு போட்டுப் பேசினோம். வலை இழுக்கும் இடமும் உலர்த்தும் இடமும் முழுதாக அவர்களுக்கு. அதன் இரு பக்கமும் அடம்பன் மட்டும். இராவணன் மீசை சவுக்குக்குத் தெற்கேதான். அடம்பனில் அவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது: கடலில் சொறி (ஜெலிமீன்) பட்டால் அதன் இலையைக் கசக்கித் தடவுவது அவர்களின் கைவைத்தியம்.

திறந்திருந்த விடுதியின் முகாமையாளர் பெண்மணியிடம் பாதையைப் பற்றிப் பேசினோம். அதுவரை முற்றத்திலிருந்து கடலுக்கு நேராக ஓர் அகலமான பாதை இருந்தது. அதைச் சாய்வாக, இரண்டு பேர் நடக்கும் அகலத்துக்கு மாற்றச் சொன்னோம். மேட்டில் நேராக வெட்டிய வழி காற்றுக்கும் அலைக்கும் கதவு. அவர் பாதி ஒத்துக்கொண்டார்: அகலத்தைக் குறைத்தார், நேர்கோட்டை மாற்றவில்லை. அறையிலிருந்து கடல் தெரிய வேண்டுமாம். அம்மாவை மீண்டும் வேலைக்கு எடுத்தபோது விளக்குமாற்றை வைத்துவிட்டுக் கையால் பிளாஸ்டிக் பொறுக்கும்படி சொல்ல அவர் சம்மதித்தார். நாங்கள் வேண்டியவற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அதுதான்.

எங்கள் சிரமதானத்துக்கும் புது விதி: வாரியும் மண்வெட்டியும் வரக்கூடாது. கையால் பொறுக்குவது, கொடிக்குள் சிக்கிய வலைத்துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது. வருகிறவர் தொகை நூறிலிருந்து இருபதாகக் குறைந்தது.

புரெவி, டிசெம்பர் 2020

டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மூன்றாம் நாள் காலையில் போனோம். இராவணன் மீசை நின்ற பகுதியில் முழங்கால் உயர மேட்டின் கடல் முகத்தை யாரோ கத்தியால் வெட்டியது போல இருந்தது. வெட்டுமுகத்தில் வேர்கள் தலைமயிர் மாதிரித் தொங்கின. மேடு நின்றது, அதன் பின்னால் மணல் காய்ந்து கிடந்தது. விடுதியின் நேர்ப்பாதை வழியாகக் கடல் உள்ளே வந்து சமையலறைப் படி வரை போயிருந்தது. சவுக்கு மரங்கள் ஏழு சாய்ந்திருந்தன.

இதைச் செடியின் வெற்றி என்று எழுத மாட்டேன். தெற்கு முனை இயல்பாகவே பள்ளம். அலை அங்கே எப்போதும் அதிகம் ஏறும். ஒரு புயலையும் நானூறு மீற்றரையும் வைத்து எதையும் நிறுவ முடியாது. சுனாமி போன்ற ஒன்றை இந்தக் கொடிகள் தடுக்கும் என்று எங்கள் குழுவிலேயே சிலர் பேசினார்கள். அதைப் பதாகையில் எழுதுவதை நிறுத்தச் சொன்னேன். உறுதியாகக் கண்டது இவ்வளவுதான்: பிய்ந்து கிடந்த அடம்பன் துண்டுகள் பெப்ரவரியில் தாமே வேர்விட்டன, முகாமையாளர் பெண்மணி மார்ச்சில் எங்களை அழைத்துப் பாதையைச் சாய்வாக மாற்றிக்கொண்டார்.

2022

பொருளாதார நெருக்கடியில் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஊரே விறகுக்கு அலைந்தது. சாய்ந்த சவுக்குகள் முதலில் போயின, பிறகு நின்றவையும். 2018இல் பிழைத்த பதினொரு கன்றுகளில் ஆள் உயரம் வந்திருந்த பூவரசுகள் நான்கை யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். போய்க் கேட்கவில்லை. சவுக்குப் போன இடத்தில் வெயில் விழுந்தது. அடுத்த மாரிக்குப் பிறகு அங்கே அடம்பன் ஏறியது.

திரும்பச் செய்வதானால்

முதல் ஆறு மாதம் ஒரு கன்றும் நடாமல், குறிப்பேட்டோடு கரையில் நடப்போம். யார் எந்த நேரத்தில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதை எழுதுவோம். நடுவதென்றால் ஒக்டோபர் கடைசிக்குப் பிறகுதான். ஜூன் 5இல் வேண்டுமானால் கதிரை போட்டுப் பேச்சு வைக்கலாம். வேலி போன்றவற்றுக்கு அனுமதியை எழுத்தில் வாங்குவோம். 2021இல் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் மட்டைகளைப் பிடுங்கச் சொன்னபோது காட்ட எங்களிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. இரண்டு மாதம் அதிலே போனது. நிதி தருகிறவர்கள் ‘எத்தனை கன்று?’ என்றே கேட்கிறார்கள். கால் படாத சதுர மீற்றருக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று, நவம்பர் 2018 வசதியின் விலை. இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் முள்ளு முள்ளாய் நீட்டிய பந்து வரும். முற்றினால் கழன்று, கரை நெடுகக் காற்றில் உருண்டு போய் விதை போடும். எங்கள் மேட்டில் ஐந்து ஆண்டாக ஒரு பந்தும் உருளவில்லை. 2023இல் பூத்தபோது குடும்பநல மாதுதான் குனிந்து பார்த்துச் சொன்னார்: எல்லாம் ஆண். ஒரே புதரிலிருந்து வெட்டிய தண்டுகள் வேறு எப்படி இருக்கும். வடக்கே இறக்கக்கண்டி ஊருக்கு அப்பால் பந்து போடும் புதர்கள் இருப்பதாகச் சம்மாட்டியின் மகன் சொல்கிறார். நல்ல மழை இரண்டு பெய்ததும் ஈரச் சாக்குகளோடு போய், வெட்டிய அன்றே திரும்பி வந்து நடுவதாக ஏற்பாடு.